எடைப் பிரிவுக்குள் யார் கை ஓங்கியது? எம்எம்ஏ வீரர்களை வரிசைப்படுத்தும் வழி

பி.ஜே. பென், ஃபிராங்கி எட்கர், பென்சன் ஹெண்டர்சன், கபீப் நூர்மகமதோவ். நான்கு பேருமே, எம்எம்ஏ எனப்படும் கலப்புத் தற்காப்புச் சண்டையின் பெரிய போட்டி அமைப்பான யூஎஃப்சியில், லைட்வெயிட் பிரிவில், அதாவது 155 பவுண்டு எடையில், சாம்பியனாக இருந்தவர்கள். நான்கு பேரும் தங்கள் பெல்ட்டை, அதாவது சாம்பியன் பட்டத்தை, அடுத்தடுத்து மூன்று முறை காப்பாற்றிக்கொண்டவர்கள். அட்டவணையை மட்டும் பார்த்தால் நால்வரும் சமம்.

சண்டைகளைப் பார்த்தவர்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஹெண்டர்சனின் மூன்றில் இரண்டு, ஒரு நடுவர் மனம் மாறியிருந்தால் கைவிட்டுப் போயிருக்கும். எட்கரின் மூன்றில் ஒன்று டிரா. பென்னும் கபீபும் காப்பாற்றிய ஆறில் ஒன்றுகூட நடுவர்களின் தீர்ப்புவரை போகவில்லை. ஆக, ‘3’ என்ற ஒரே எண்ணுக்குள் நான்கு வெவ்வேறு கதைகள் இருக்கின்றன. அந்தக் கதைகளைப் பிரித்துப் படிப்பது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். எம்எம்ஏவுக்குப் புதியவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன் என்பதால், உதாரணத்துக்கு ஒரே பிரிவை, லைட்வெயிட்டை, கடைசிவரை கையில் வைத்துக்கொள்கிறேன். ஒரு நோட்டும் பென்சிலும் போதும். பேனா வேண்டாம், நிறைய அழிக்க வேண்டியிருக்கும்.

தொடங்கும் முன் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஆதிக்கம் என்று நான் சொல்வது புகழையோ, டிக்கெட் விற்பனையையோ, மொத்த வெற்றிக் கணக்கையோ அல்ல. தன் எடையில் இருந்த நல்ல வீரர்களுக்கு எதிராக இவர் எவ்வளவு குறைவாக விட்டுக்கொடுத்தார்? இந்த ஒரு கேள்விதான். கோனர் மெக்கிரகர் 145, 155 என்று இரண்டு எடைகளில் பெல்ட் வென்றார். 2015 டிசம்பரில் ஜோசே ஆல்டோவை 13 வினாடியில் வீழ்த்திய அந்த இடது கை மறக்கவே முடியாதது. ஆனால் இரண்டு பெல்ட்டில் எதையும் அவர் ஒருமுறைகூடக் காப்பாற்றியதில்லை. பெரிய வீரர் என்பதில் சந்தேகமில்லை. ஆதிக்கப் பட்டியல் என்று வரும்போது அவருடைய இடம் கீழேதான்.

எடையை எண்ணாக எழுதுங்கள்

முதலில் பிரிவை முடிவு செய்யுங்கள். நோட்டில் பிரிவின் பெயரை எழுதாதீர்கள், பவுண்டில் எழுதுங்கள். காரணம், ஒரே பெயர் இடத்துக்கு இடம் வேறு எடையைக் குறிக்கும். ஜப்பானில் நடந்த பிரைடு போட்டிகளில் மிடில்வெயிட் என்றால் 93 கிலோ. யூஎஃப்சியில் அது லைட் ஹெவிவெயிட், 205 பவுண்டு. யூஎஃப்சி மிடில்வெயிட்டோ 185 பவுண்டுதான். ‘மிடில்வெயிட் சாம்பியன்’ என்று படித்துவிட்டு, வாண்டர்லே சில்வாவின் பிரைடு காலத்தையும் ஆண்டர்சன் சில்வாவின் யூஎஃப்சி காலத்தையும் ஒரே பட்டியலில் போட்டால் எல்லாம் குழம்பிவிடும்.

டெமெட்ரியஸ் ஜான்சன் விஷயமும் இப்படித்தான். யூஎஃப்சியில் அவர் ஆண்ட ஃப்ளைவெயிட் 125 பவுண்டு. பிறகு ஒன் சாம்பியன்ஷிப் என்ற ஆசியப் போட்டி அமைப்புக்குப் போய் அங்கேயும் ஃப்ளைவெயிட் பெல்ட் வென்றார். ஆனால் அங்கே ஃப்ளைவெயிட் என்பது 135 பவுண்டு. உடலில் நீரை வற்றவைத்து எடை குறைப்பதைத் தடுக்க அவர்கள் நீர்ச்சத்துப் பரிசோதனை வைத்திருப்பதால் எடைக் கோடுகளே தள்ளிப் போய்விட்டன. எனவே இரண்டையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதுங்கள்.

அப்புறம் காலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். முழு வாழ்க்கையையும் அளக்கப் போகிறீர்களா, உச்சக் காலத்தை மட்டுமா? பென்னை எடுத்துக்கொண்டால் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போடவே முடியாது. 2010 நவம்பருக்குப் பிறகு அவர் ஒரு சண்டைகூட வெல்லவில்லை. அந்த நீண்ட சரிவைச் சேர்த்துப் பார்த்தால் அவர் எந்தப் பட்டியலிலும் தேற மாட்டார். 2008 ஜனவரியிலிருந்து 2009 டிசம்பர் வரை 155 பவுண்டில் அவரை மட்டும் பாருங்கள், வேறு ஆளைப் பார்ப்பீர்கள். நான் உச்சக் காலத்தை அளப்பதையே விரும்புகிறேன். அதன் நீளத்தையும் பக்கத்தில் எழுதிவிடுவேன். இரண்டு வருட உச்சமும் ஆறு வருட உச்சமும் ஒன்றல்ல.

அந்த எடையில் நடக்காத சண்டைகளை அடித்துவிடுங்கள்

இதுதான் பலரும் செய்யாமல் விடும் வேலை. ஆண்டர்சன் சில்வா யூஎஃப்சியில் தொடர்ந்து 16 சண்டைகள் வென்றார் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். அந்த 16ல் மூன்று 205 பவுண்டில் நடந்தவை: ஜேம்ஸ் இர்வின், ஃபாரஸ்ட் கிரிஃபின், ஸ்டீபன் பானர். பெரிய எடைக்குப் போய் வென்றது அவருடைய மொத்தப் பெருமைக்குச் சேரும். 185 பவுண்டுக் கணக்கில் எழுத வேண்டியது 13தான்.

நானே இதில் ஏமாந்திருக்கிறேன். ஒரே சண்டையில் 21 டேக்டவுன் (எதிராளியைப் பிடித்துத் தரையில் சாய்ப்பது) என்ற கபீபின் சாதனையை லைட்வெயிட் பக்கத்தில் முதல் வரியாக எழுதி வைத்திருந்தேன். 2013 மே மாதம் ஏபல் ட்ருஹியோவுடன் நடந்த சண்டை அது. ரொம்ப நாள் கழித்துத்தான் கவனித்தேன்: அன்று கபீப் எடையைத் தவறவிட்டிருந்தார். அதனால் அது 160 பவுண்டு கேட்ச்வெயிட்டாக, அதாவது பிரிவுக்கு வெளியே இருவரும் ஒத்துக்கொண்ட எடையில், நடந்தது. வென்ற விதம் அபாரம் என்பதில் மாற்றமில்லை, ஆனால் எடை காட்டத் தவறியவருக்கு அந்தச் சண்டையை வைத்து அந்த எடையில் மதிப்பெண் கொடுப்பது நியாயமில்லை. அழித்துவிட்டேன்.

தோல்விகளுக்கும் இதே நியாயம்தான். வேலன்டினா ஷெவ்சென்கோ அமாண்டா நூனெஸிடம் இரண்டு முறை தோற்றார், 2016லும் 2017லும். இரண்டும் 135 பவுண்டில். 125 பவுண்டில் அவர் ஏழு முறை தொடர்ந்து பெல்ட்டைக் காத்ததைக் குறைத்துப் பேச அந்தத் தோல்விகளைத் தூக்கி வரக் கூடாது. அதுபோல, அலெக்சாண்டர் வோல்கனோவ்ஸ்கி 155 பவுண்டுக்கு ஏறி இஸ்லாம் மகச்சேவிடம் தோற்ற இரண்டு சண்டைகளுக்கும் 145 பவுண்டுப் பட்டியலில் வேலையில்லை.

‘நோ கான்டெஸ்ட்’, அதாவது யாருக்கும் வெற்றி இல்லை, என்று அறிவிக்கப்பட்டவற்றையும், பின்னால் ஊக்கமருந்துப் பரிசோதனையில் முடிவு மாற்றப்பட்டவற்றையும் இந்தக் கட்டத்திலேயே அடித்துவிடுங்கள். 2017 ஜூலையில் ஜான் ஜோன்ஸ் டேனியல் கார்மியரை வீழ்த்தியது கண்ணுக்குள்ளேயே நின்றாலும், அது பதிவேட்டில் வெற்றி இல்லை. உங்கள் நோட்டிலும் வேண்டாம்.

எதிரே நின்றவர் அன்று யார்?

மிச்சமிருக்கும் ஒவ்வொரு சண்டைக்கும் எதிராளியைப் பற்றி ஒரு வரி எழுத வேண்டும். அவர் பெயருக்கு இன்றுள்ள மதிப்பை வைத்து எழுதக் கூடாது, சண்டை நடந்த அன்று அவர் எந்த நிலையில் இருந்தார் என்பதை எழுத வேண்டும். தரவரிசையில் எங்கே இருந்தார், முந்தைய மூன்று சண்டைகளில் என்ன செய்தார், எத்தனை நாள் அவகாசத்தில் வந்தார், எவ்வளவு நாள் ஓய்வுக்குப் பிறகு வந்தார், இது அவருக்குப் பழகிய எடையா?

கபீப் பெல்ட் வென்ற இரவை இப்படி எழுதிப் பாருங்கள். 2018 ஏப்ரல், யூஎஃப்சி 223. முதலில் எதிராளி டோனி ஃபெர்குசன். அவர் காயப்பட்டார். மாற்றாக வந்த மேக்ஸ் ஹாலோவே எடை குறைப்பின்போது நிறுத்தப்பட்டார். கடைசியில் அல் ஐக்வின்டா, சண்டைக்கு முந்தைய நாள்தான் உறுதியானார். பெல்ட் கிடைத்த சண்டை என்பதால் எல்லாரும் இதைப் பெரிதாக எழுதுவார்கள். ஆதிக்கக் கணக்கில் இதற்கு நான் குறைந்த மதிப்பே கொடுத்திருக்கிறேன். மாறாக, 2014 ஏப்ரலில் ரஃபேல் டோஸ் அஞ்சோஸை கபீப் மூன்று ரவுண்டும் புரட்டியெடுத்த சண்டைக்கு எந்தப் பெல்ட்டும் இல்லை. டோஸ் அஞ்சோஸோ 11 மாதம் கழித்து அதே எடையில் சாம்பியன் ஆனார். எனக்கு அந்தச் சண்டைதான் கனமானது.

மகச்சேவ் நான்கு முறை பெல்ட்டைக் காத்தார், லைட்வெயிட்டில் அதுவரை யாரும் தொடர்ந்து அத்தனை முறை காத்ததில்லை. அந்த நான்கைப் பிரியுங்கள். இரண்டு, 145 பவுண்டிலிருந்து ஏறி வந்த வோல்கனோவ்ஸ்கிக்கு எதிராக, அதிலும் இரண்டாவதுக்கு அவர் இரண்டு வாரத்துக்கும் குறைவான அவகாசத்தில் வந்தவர். ஒன்று, 2025 ஜனவரியில் கடைசி நேரத்தில் மாற்றாக வந்த ரெனாட்டோ மொய்கானோவுக்கு எதிராக. 155ல் ஊறிய, முழுத் தயாரிப்போடு வந்த எதிராளி என்றால் 2024 ஜூனில் வந்த டஸ்டின் போரியே ஒருவர்தான். இது மகச்சேவின் குற்றமில்லை. வந்தவரை அவர் வென்றார். ஆனாலும் எதிராளி வரியில் உண்மையை எழுதத்தான் வேண்டும்.

கபீபின் மூன்றில் மெக்கிரகர் ஏறக்குறைய இரண்டு வருடம் எம்எம்ஏ சண்டையே போடாமல் வந்தவர். அதையும் எழுதுங்கள். மற்ற இருவர், போரியேயும் ஜஸ்டின் கேஜியும், வரும்போது கையில் இடைக்கால பெல்ட்டோடு, அதாவது சாம்பியன் சண்டையிட முடியாத காலத்தில் தரப்படும் தற்காலிகப் பட்டத்தோடு, வந்தார்கள். போரியே அதை ஹாலோவேயிடமும், கேஜி ஃபெர்குசனிடமும் வென்றிருந்தார்கள்.

நடக்காத சண்டைக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். கபீபும் ஃபெர்குசனும் மோதுவதாக ஐந்து முறை ஏற்பாடாகி ஐந்து முறையும் நின்றுபோனது. அந்தக் காலத்தில் ஃபெர்குசன் தொடர்ந்து 12 சண்டைகள் வென்றிருந்தார். அந்த இடைவெளி கபீபின் பக்கத்தில் வெற்றிடமாகவே இருக்கட்டும். ‘நடந்திருந்தால் இவர்தான் வென்றிருப்பார்’ என்று நிரப்பாதீர்கள்.

ரவுண்ட் ரவுண்டாக மதிப்பெண்

வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, நேரமும் இங்கேதான் போகும். முடிவை மட்டும் பார்த்து எழுதிய பட்டியலையும் ரவுண்ட் பார்த்து எழுதிய பட்டியலையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

நடுவர்கள் எப்படிப் போடுகிறார்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு ரவுண்டும் ஐந்து நிமிடம். சாதாரணச் சண்டை மூன்று ரவுண்ட், டைட்டில் சண்டையும் அன்றைய முதன்மைச் சண்டையும் ஐந்து. ரவுண்டை வென்றவருக்கு 10, தோற்றவருக்குப் பெரும்பாலும் 9. ஒருதலையாகப் போனால் 8. முதலில் பார்க்க வேண்டியது அடியும் பிடியும் எதிராளியை எவ்வளவு பாதித்தன என்பதை. அதில் இருவரும் சமம் என்றால் மட்டுமே யார் முன்னேறித் தாக்கினார் என்று பார்க்க வேண்டும். அதுவும் சமம் என்றால்தான் கூண்டின் நடுப்பகுதியை யார் பிடித்திருந்தார் என்ற கேள்வி. புதிதாகப் பார்ப்பவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். முன்னால் நடந்துகொண்டே இருப்பவர் வெல்வதுபோலத் தோன்றும், அவர் முகத்தில்தான் அடி விழுந்துகொண்டிருக்கும்.

10–9 என்பது ஆதிக்கத்தை அளக்கப் போதாது. மயிரிழையில் வென்ற ரவுண்டுக்கும் நான்கு நிமிடம் அமுக்கி வைத்து வென்ற ரவுண்டுக்கும் அதே 10–9தான். அதனால் நான் வேறு கணக்கு வைத்திருக்கிறேன். நெருக்கமாக வென்ற ரவுண்டுக்கு 1. தெளிவாக வென்றதற்கு 2. எதிராளி தாக்குப்பிடித்ததே பெரிது என்ற நிலை, அல்லது சண்டையை அங்கேயே முடித்தது என்றால் 3. தோற்ற ரவுண்டுகளுக்கு இதே எண்கள் மைனஸில். சமமாகப் போனால் பூஜ்யம். கடைசியில் கூட்டி, ரவுண்ட் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்.

3 எப்படி இருக்கும் என்று கண்ணைப் பழக்க ஒரு சண்டை பாருங்கள்: 2021 ஜனவரி, மேக்ஸ் ஹாலோவே – கேல்வின் கேட்டர். ஹாலோவேயின் 445 அடிகள் முக்கிய அடிகளாகப் பதிவாயின. நடுவர்கள் கொடுத்தது 50–43, 50–43, 50–42. ஐந்து ரவுண்டையும் வெறும் 10–9 என்று வென்றிருந்தால் 50–45தான் வரும். மிச்சம் போன புள்ளிகள் எங்கே போயின என்று ரவுண்ட் வாரியாகத் தேடிப் பாருங்கள், அதுதான் பயிற்சி.

சரி, இப்போது 2018 அக்டோபர் 6, கபீப் – மெக்கிரகர். முதல் ரவுண்ட் தொடங்கிய சிறிது நேரத்தில் கபீப் காலைப் பிடித்துவிடுகிறார். மெக்கிரகர் வேலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்க, கபீப் அவருடைய இரண்டு கால்களையும் தன் கால்களால் பின்னிக்கொண்டு நகரவிடாமல் செய்கிறார். பெரிய அடி ஏதும் இல்லை, ஆனால் ரவுண்ட் முழுக்க ஒருவருடையது: 2. இரண்டாவதில், தரையில்தான் ஆபத்து என்று நினைத்துக்கொண்டிருந்த மெக்கிரகரை நின்ற நிலையிலேயே ஒரு வலது கை வீழ்த்துகிறது. அதன் பிறகு தரையில் நீண்ட நேரம் குத்து: 3. மூன்றாவதில் கபீப் மூச்சு வாங்கிக்கொள்கிறார், மெக்கிரகர் நின்றே சண்டையிட்டு அந்த ரவுண்டை எடுத்துக்கொள்கிறார்: −1. நான்காவதில் முதுகைப் பிடித்து, தாடையோடு சேர்த்து நெரித்து முடிக்கிறார்: 3. மொத்தம் 7, நான்கு ரவுண்டுக்கு 1.75.

அதே முறையில் 2009 டிசம்பர், பென் – டியேகோ சான்செஸ். தொடங்கியவுடனேயே சான்செஸை வீழ்த்தி, முடித்தேவிடுவார் என்ற அளவுக்குக் கொண்டுபோனார்: 3. அடுத்த மூன்று ரவுண்டும் சான்செஸ் டேக்டவுனுக்கு ஓடி வருவதும், பென் தள்ளிவிட்டுக் குத்துவதுமாகப் போயின: 2, 2, 2. ஐந்தாவதில் தலையில் விழுந்த உதையில் நெற்றி பிளந்து, மருத்துவர் சண்டையை நிறுத்தினார்: 3. மொத்தம் 12, சராசரி 2.4. கபீப் – மெக்கிரகரைவிட உயர்வு. பென்னை மறந்துவிட்டுப் பேசுபவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த எண்ணைத்தான்.

இப்போது 2012 ஆகஸ்ட், ஹெண்டர்சன் – எட்கர் இரண்டாவது சண்டை. ஸ்ப்ளிட் டிசிஷனில், அதாவது மூன்று நடுவர்களில் இருவர் அவருக்கும் ஒருவர் எதிராளிக்கும் கொடுக்க, ஹெண்டர்சன் வென்றார். அவருக்கே மூன்று ரவுண்ட் கொடுத்தாலும், எல்லாம் நெருக்கம்: மூன்று முறை 1, இரண்டு முறை −1. ஐந்து ரவுண்டுக்கு மொத்தமே 1, சராசரி 0.2. அட்டவணையில் இதுவும் ஒரு டைட்டில் டிஃபென்ஸ்தான்.

பார்க்கும்போது இரண்டு விஷயங்களைக் கடைப்பிடியுங்கள். ஒலியை நிறுத்திவிடுங்கள். வர்ணனையாளர்களும் கூட்டமும் ஒருவர் பக்கம் சாய்ந்தால் உங்கள் கணக்கும் தெரியாமலேயே சாயும். இரண்டாவது, புள்ளிவிவரத்தைச் சண்டை பார்த்த பிறகே திறங்கள். ‘கட்டுப்பாட்டு நேரம் 4 நிமிடம்’ என்று போட்டிருக்கும். அந்த நான்கு நிமிடமும் வேலியோடு அணைத்துக்கொண்டு நின்றதா, மேலே ஏறி உட்கார்ந்து குத்தியதா என்பதை எண் சொல்லாது.

முடித்த விதம், காத்த எண்ணிக்கை

நாக்அவுட்டுக்கோ சப்மிஷனுக்கோ (பிடியில் சிக்கவைத்துப் பணிய வைப்பது) மேற்கொண்டு மதிப்பெண் வேண்டாம், முடித்த ரவுண்டுக்கு 3 கொடுத்தபோதே அது சேர்ந்துவிட்டது.

பெல்ட்டைக் காத்த எண்ணிக்கையை மட்டும் வேறு பிரிவோடு ஒப்பிடாதீர்கள். 125 பவுண்டில் டெமெட்ரியஸ் ஜான்சன் தொடர்ந்து 11 முறை காத்தார். ஹெவிவெயிட்டில் ஸ்டிப்பே மியோசிச் தொடர்ந்து காத்தது மூன்று முறை, அதுவே அந்தப் பிரிவின் யூஎஃப்சி சாதனை. 265 பவுண்டுவரை இருக்கும் உடல்கள் மோதும்போது யாருடைய ஒரு கையும் சண்டையை முடித்துவிடும். நீண்ட ஆட்சிக்கே அங்கே இடமில்லை. அதனால் ஒரு பிரிவுக்குள் மட்டும், அந்தப் பிரிவில் வழக்கமாகச் சாம்பியன்கள் எவ்வளவு தாங்கினார்கள் என்பதோடு ஒப்பிடுங்கள்.

தோல்வியை எப்படி எழுதுவது

தோல்வி என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டுப் போகாதீர்கள். 2009ல் மேட் ஹாமிலிடம் ஜான் ஜோன்ஸ் ‘தோற்றது’ தடை செய்யப்பட்ட செங்குத்து முழங்கை அடிகளுக்காக. சண்டை அதுவரை அவர் கையில்தான் இருந்தது. அந்த விதியையே 2024 நவம்பரில் எடுத்துவிட்டார்கள். ஆதிக்கக் கணக்கில் இதை நான் தோல்வியாக எழுதவில்லை.

2022 ஆகஸ்ட், கமாரு உஸ்மான் – லியோன் எட்வர்ட்ஸ் கடினமான உதாரணம். நான்கு ரவுண்ட் முடிந்தபோது மூன்று நடுவர்களும் உஸ்மானுக்கு 39–37 கொடுத்திருந்தார்கள். ஐந்தாவது ரவுண்டில் ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரமே மிச்சம். அப்போது எட்வர்ட்ஸின் இடது கால் தலையில் விழுந்தது, அவ்வளவுதான். ரவுண்ட் கணக்குப்படி பெரும்பகுதி உஸ்மானுடையது, முடிவு எட்வர்ட்ஸுடையது. இப்படிப்பட்ட இடத்தில் மறுமோதலுக்குக் காத்திருப்பேன். 2023 மார்ச்சில் மறுபடி மோதினார்கள், எட்வர்ட்ஸ் புள்ளிகளில் வென்றார். அந்த உதையைத் தற்செயல் என்று தள்ள இனி வழியில்லை. ஜார்ஜ் செயின்ட் பியருக்கு நடந்தது இதற்கு நேரெதிர். 2007 ஏப்ரலில் மேட் செராவிடம் முதல் ரவுண்டிலேயே வீழ்ந்தவர், ஒரு வருடம் கழித்து அதே செராவைத் தரையில் போட்டு நிறுத்தினார். பழி தீர்த்த தோல்விக்கு நான் பாதிப் பாரம்தான் ஏற்றுவேன்.

வெற்றிக்குள் ஒளிந்திருக்கும் தோல்வியையும் விடாதீர்கள். 2010 ஆகஸ்டில் சேல் சோனன் ஆண்டர்சன் சில்வாவை நான்கு ரவுண்டுக்கு மேல் கீழே போட்டுக் குத்தினார். ஐந்தாவது ரவுண்டில் சில்வா கீழே கிடந்தபடியே கால்களால் கழுத்தைப் பின்னி முடித்தார். மனஉறுதிக்கு அதைவிட நல்ல சண்டையை நான் பார்த்ததில்லை. என் ஆதிக்க நோட்டில் அது மைனஸ் சண்டை.

எல்லாவற்றையும் சேர்ப்பது

ஒவ்வொரு வீரருக்கும் இப்போது ரவுண்ட் சராசரி, எதிராளி வரிகள், காலத்தின் நீளம், தோல்விகளின் தன்மை என்று நான்கு விஷயங்கள் கையில் இருக்கும். இவற்றை ஒரே எண்ணாகச் சுருக்கச் சூத்திரம் தேடாதீர்கள். சதுரங்க வீரர்களுக்கு வெற்றி தோல்வியை வைத்துத் தரப்புள்ளி போடும் ஈலோ முறையை எம்எம்ஏவுக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். சதுரங்க வீரர் வருடத்துக்கு நிறைய ஆட்டம் ஆடுவார். எம்எம்ஏ சாம்பியன் இரண்டோ மூன்றோதான். அவ்வளவு குறைந்த தரவில் அந்த எண் நிலைகொள்வதற்குள் வீரர் ஓய்வு பெற்றுவிடுவார். யூஎஃப்சியின் அதிகாரபூர்வத் தரவரிசையும் இதற்கு உதவாது. 2013ல் தொடங்கிய அந்தப் பட்டியலைப் பத்திரிகையாளர்கள் வாக்களித்துப் போட்டுவந்தார்கள். அடுத்து யாருக்கு வாய்ப்பு என்பதற்குத்தான் அது பயன்படும்.

நான் செய்வது இருவர் இருவராக ஒப்பிடுவது. கபீபும் மகச்சேவும்: எண்ணிக்கையில் மகச்சேவ் 4, கபீப் 3. எதிராளி வரிகளில் கபீப் கனம். ரவுண்ட் கணக்கிலும் கபீப்தான். மகச்சேவின் முதல் வோல்கனோவ்ஸ்கி சண்டை 48–47 அளவுக்கு நெருங்கியது, கடைசி வினாடிகளில் வோல்கனோவ்ஸ்கி மேலே இருந்து குத்திக்கொண்டிருந்தார். 2015 அக்டோபரில் அட்ரியானோ மார்டின்ஸிடம் முதல் ரவுண்டிலேயே மகச்சேவ் வீழ்ந்ததும் இதே எடையில்தான். இருவருக்கும் பொதுவான எதிராளி போரியே: கபீப் மூன்றாவது ரவுண்டில் முடித்தார், மகச்சேவுக்கு ஐந்தாவது ரவுண்ட்வரை தேவைப்பட்டது. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய ஐந்து வருடம் இருப்பதால் இந்த ஒப்பீட்டுக்கு அதிக எடை கொடுக்கவில்லை. கொடுக்காமலேயே கபீப் முதலிடம், மகச்சேவ் இரண்டாமிடம்.

மூன்றாவது இடத்தில்தான் சிக்கல். பென்னை எட்கர் 2010ல் இரண்டு முறை வென்றார். இரண்டாவது முறை மூன்று நடுவர்களும் 50–45 கொடுத்தார்கள். எட்கரை ஹெண்டர்சன் 2012ல் இரண்டு முறை வென்றார். நேர் மோதலை மட்டும் பார்த்தால் வரிசை ஹெண்டர்சன், எட்கர், பென். நம் கேள்வி யார் யாரை வென்றார் என்பதாக இருந்தால் அத்தோடு முடிந்தது. நாம் கேட்பது தன் ஆட்சியில் யார் குறைவாக விட்டுக்கொடுத்தார் என்பதை. பென் தன் இரண்டு வருடத்தில் ஷான் ஷெர்க், கென்னி ஃப்ளோரியன், சான்செஸ் மூவரையும் முடித்து அனுப்பினார். எட்கரோ 2011ன் முதல் நாள் கிரே மேனார்டிடம் முதல் ரவுண்டில் திரும்பத் திரும்பத் தரையில் விழுந்து, எழுந்து, சண்டையை டிராவுக்கு இழுத்தார். நெஞ்சை உருக்கிய சண்டை, ஆனால் அந்த ரவுண்ட் −3. ஹெண்டர்சனின் இரண்டு ஸ்ப்ளிட் டிசிஷன்கள் முன்பே சொன்னவை. எனவே மூன்றாமிடம் பென்னுக்கு.

எட்கரும் ஹெண்டர்சனும் என் கணக்கில் கிட்டத்தட்டச் சமமாக வந்து நின்றார்கள். நேர் மோதலை நான் வெளியே எடுப்பது இப்படிச் சமமாகும்போதுதான். இருமுறை வென்றவர் ஹெண்டர்சன். அவருக்கு நான்காமிடம், எட்கருக்கு ஐந்தாமிடம். எட்கரை மேலே வைப்பவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். அந்த இரண்டாவது சண்டையை எட்கருக்குக் கொடுத்தவர்கள் ஏராளம், அந்த ஒரு தீர்ப்பு மாறினால் இந்த இரண்டு இடங்களும் மாறிவிடும்.

நீங்கள் தொடங்க ஒரு சண்டை சொல்கிறேன்: 2013 ஏப்ரல், ஹெண்டர்சன் – கில்பர்ட் மெலண்டெஸ். ஒலியை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு ரவுண்டும் முடிந்ததும் வீடியோவை நிறுத்தி எண்ணை எழுதுங்கள். ஐந்து ரவுண்டும் முடிந்து இருவரும் ரெஃப்ரியின் இருபுறமும் வந்து நிற்கும்போது மறுபடி நிறுத்துங்கள். கூட்டிப் போட்டு, யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்துவிட்டு, அதன் பிறகு ஒலியைத் திறங்கள்.